ஆட்டுக்கு என்ன குருதி வகை? செம்மறியின் பரம்பரைக் குருதி வேறுபாட்டையும் காலநிலையையும் சேர்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் ஆய்வுகூட வேலை செய்பவர்களுக்கு ஆட்டுக் குருதி புதிதல்ல. தொண்டைச் சளியில் கிருமி வளர்க்கும் சிவப்புத் தட்டில் அதைத்தான் கலப்போம். ஸ்ரெப்டோகொக்கஸ் அந்தச் செங்குழியங்களை உடைத்துத் தன்னைச் சுற்றி வெளிறிய வட்டம் போடும். அப்படிப்பட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் வரவேற்பில் இருக்கும் தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, ஆட்டுக்கும் ஓ பொசிட்டிவ் எல்லாம் இருக்கா?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதே மாதம் என் அக்காவின் மகன் பேராதனையிலிருந்து தொலைபேசி எடுத்தான். மிருக வைத்தியம் படிக்கிறான். யாழ்ப்பாணத்து நாட்டுச் செம்மறிகளின் குருதி வகையையும் அவை வெயிலைத் தாங்கும் விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். "மாமா, உங்கட லாப்பில செய்யலாமா?" சரி என்றேன். இன்று முதலிலிருந்து தொடங்கினால் எப்படிச் செய்வேனோ அதைத்தான் கீழே எழுதுகிறேன். விழுந்த குழிகளையும் மறைக்கவில்லை.

படி 1: எந்த "வகை" என்று முதலில் முடிவு செய்யுங்கள்

குருதி வகை என்றதும் நமக்கு ஏ, பி, ஓ ஞாபகம் வரும். செம்மறியில் அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு விடயங்கள் இருக்கின்றன.

ஒன்று, செங்குழியத்தின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்கள். இவைதான் மனிதக் குருதி வகைக்கு நேர் உறவு. ஏ, பி, சி, டி, எம், ஆர்-ஓ, எக்ஸ்-இசட் என்று இவற்றை ஏழு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எழுத்துகள் மட்டும்தான் நம்முடையவை. ஆட்டின் பி தொகுதி மிகவும் சிக்கலானது, எக்கச்சக்கமான சேர்க்கைகளில் வரும். ஆர்-ஓ தொகுதி இன்னும் வேடிக்கை. அந்தப் பொருள் பிளாஸ்மாவில் கரைந்திருக்கும், செங்குழியம் அதைப் பிறகு தன்மேல் பூசிக்கொள்ளும். ஆகவே தங்கச்சிக்குப் பதில்: ஆட்டிலும் ஓ உண்டு, ஆனால் அது நம் ஓ அல்ல.

இந்த முதல் வகையைச் சிறிய ஆய்வுகூடத்தில் தொடாதீர்கள். மனிதருக்கான பரிசோதனைத் திரவம் இதற்கு உதவாது. ஓர் ஆட்டின் குருதியை இன்னோர் ஆட்டுக்கு ஏற்றி, அதில் உருவாகும் பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்துத்தான் இதற்கான திரவத்தைச் செய்வார்கள். செம்மறியின் செங்குழியம் மனிதனுடையதைப் போல அழகாகத் திரளாது. அதனால் முயல் சீரத்தைச் சேர்த்து, குழியம் உடைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதற்கென்றே அமைந்த கூடங்கள் செய்கிற வேலை அது.

இரண்டாவது, ஈமோகுளோபின் வகை. மூன்றாவது, செங்குழியத்துக்குள் இருக்கும் பொற்றாசியத்தின் அளவு. இவை இரண்டும் பரம்பரையாக வருபவை. தலசீமியா பார்க்கும் கருவியும், சுவாலையின் ஒளியைக் கொண்டு பொற்றாசியத்தை அளக்கும் சுவாலை ஒளிமானியும் இருக்கும் எந்த இடத்திலும் செய்யலாம். காலநிலையோடு அதிகம் சேர்த்துப் பேசப்பட்டவையும் இவைதான். இவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1954இல் எவன்ஸ் என்ற ஆய்வாளர் பிரித்தானியச் செம்மறிகளில் ஒரு விசித்திரத்தை எழுதினார். மனிதனின் செங்குழியத்துக்குள் பொற்றாசியம் எப்போதுமே மிகுதி, சோடியம் குறைவு. செம்மறிகளில் சிலவற்றில் அப்படி, சிலவற்றில் தலைகீழ். ஒரே மந்தையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆடுகளில் ஒன்றுக்கு லீற்றர் செங்குழியத்தில் 80 மில்லிமோல் அளவுக்கும் மற்றதற்கு 10, 15 அளவுக்கும் இருக்கும். முதலாவதை எச்கே (பொற்றாசியம் மிகுந்தது) என்றும் இரண்டாவதை எல்கே (குறைந்தது) என்றும் அழைக்கிறோம். எல்கே ஆட்சியானது, எச்கே பின்னடைவானது. எச்கே ஆடு என்றால் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்த எதிருரு, அதாவது பரம்பரையலகின் அந்த மாற்று வடிவம், வந்திருக்க வேண்டும்.

காரணம் கல மென்சவ்விலுள்ள சோடியம்-பொற்றாசியப் பம்பி. சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே இழுப்பது அதுதான். எல்கே ஆட்டில் அது சோம்பேறி. அந்தச் சோம்பலுக்கும் மேலே சொன்ன எம் தொகுதிக்கும் உறவு உண்டு. எல்கே குழியத்தின் மேலுள்ள எல் என்ற அடையாளத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைச் சேர்த்தால் பம்பி திடீரென்று விழித்து வேலை செய்யத் தொடங்கும். பூட்டுப் போட்டிருந்த கடையைத் திறந்துவிட்ட மாதிரி. 1969இல் எலரியும் ரக்கரும் இதைக் காட்டினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான்.

ஈமோகுளோபினில் ஏ, பி என்று இரண்டு பொதுவான எதிருருக்கள். இரண்டும் சமமாக வெளிப்படும். ஆகவே ஏஏ, ஏபி, பிபி மூன்றையும் கண்ணாலேயே பிரிக்கலாம். ஏ வகை ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கும், பி சற்றுத் தளர்வாக.

இங்கே கதை சுவையாகிறது. ஏ எதிருருவைக் கொண்ட ஆட்டுக்குக் குருதிச்சோகை வந்தால் அது ஏயை உண்டாக்குவதைக் குறைத்து, சி என்ற மூன்றாவது ஈமோகுளோபினை உண்டாக்கத் தொடங்கும். சிறுநீரகத்திலிருந்து வரும் எரித்திரோபொயட்டின்தான் அந்த மாற்றத்துக்குக் கட்டளை கொடுக்கிறது. பிபி ஆட்டால் இது முடியாது. ஏ பரம்பரைத் துண்டில் சி வகைக்கான பரம்பரையலகும் சேர்ந்து இருக்கிறது. பி துண்டில் அந்தப் பகுதியே இல்லை. அதாவது ஏ ஆட்டிடம் மாற்றுச் சட்டை ஒன்று பெட்டியில் இருக்கிறது, பி ஆட்டிடம் பெட்டியே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 7இல் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. செம்மறியின் ஈமோகுளோபின் ஏ மனிதனின் ஏ அல்ல, செம்மறியின் சி மனிதனின் சி அல்ல. மனிதக் குருதிக்கென்று அமைத்த இயந்திரத்தில் ஆட்டு மாதிரியைப் போட்டு, அது அச்சடிக்கும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

படி 3: ஆட்டைத் தெரிவு செய்தல்

முதல் கேள்வி, அது செம்மறிதானா? சிரிக்காதீர்கள். கொழும்பில் நாம் இறைச்சிக்கடையில் ஆட்டிறைச்சி என்று வாங்குவது பெரும்பாலும் வெள்ளாடு. யாழ்ப்பாணத்து நாட்டுச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. மெல்லிய உடம்பு, குட்டை மயிர். பஸ் யன்னலால் பார்க்கிறவர் வெள்ளாடு என்றுதான் சொல்வார். வாலைப் பாருங்கள்: வெள்ளாட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், செம்மறிக்குக் கீழே தொங்கும். நிறமூர்த்தங்களை எண்ணினால் செம்மறிக்கு 54, வெள்ளாட்டுக்கு 60. அதுவரை போகத் தேவையில்லை, வால் போதும்.

அடுத்தது வயது. எல்லாக் குட்டிகளும் பிறக்கும்போது செங்குழியத்தில் பொற்றாசியம் மிகுந்துதான் இருக்கும். எல்கே குட்டிகளில் அது படிப்படியாகக் குறைந்து நிலையான அளவுக்கு வர இரண்டு மாதமளவு ஆகும். கருவில் இருந்தபோது உண்டான ஈமோகுளோபினும் அந்தக் காலத்தில்தான் போகும். இடையில் ஏ வகைக் குட்டிகளில் சியும் கொஞ்சம் தலைகாட்டும். ஆகவே குட்டியில் குருதி எடுத்தால் எல்லாம் குழம்பும். இரண்டு பல் போட்ட ஆடுகளையே எடுங்கள், ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை வயது இருக்கும்.

உறவையும் கவனியுங்கள். ஒரு பட்டியில் ஒரே ஒரு கிடாய் நாலைந்து வருடம் நின்றிருந்தால், அங்கே நீங்கள் எடுக்கும் முப்பது ஆடும் முப்பது சாட்சியல்ல. ஒரு கிடாயின் பிள்ளைகள், அவ்வளவுதான். பல பட்டிகளில் சில சில ஆடுகளாக எடுங்கள். சொந்தக்காரரிடம் கேட்டால் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது, கிடாய் எங்கே வாங்கியது என்று வரிசையாகச் சொல்வார். எழுதிக்கொள்ளுங்கள். கிடாய் இந்தியாவிலிருந்து அரசாங்கப் பண்ணைக்கு வந்த இனத்தின் கலப்பா என்பதும் அந்தப் பேச்சில்தான் வெளிவரும்.

படி 4: குருதி எடுத்தலும் அந்த ஊதா மூடியும்

கழுத்து நாளத்தில் எடுக்க வேண்டும். மிருக வைத்தியர் அல்லது அதில் பழகியவர் எடுக்கட்டும். நானே இருபது வருடமாக மனிதர்களில் குருதி எடுக்கிறேன், ஆனாலும் ஆட்டைத் தொடவில்லை. மருமகனின் விரிவுரையாளர்தான் எடுத்தார். ஆட்டை ஓடவிட்டுப் பிடிக்காதீர்கள். ஓடிக் களைத்த ஆட்டில் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த செங்குழியத்தை வெளியே தள்ளிவிடும், குழியக் கனவளவு (குருதியில் செங்குழியம் பிடிக்கும் பங்கு) பொய்யாகக் கூடும்.

இப்போது என் பிழை. முதல் தடவை வந்த மாதிரிகள் ஊதா மூடி ரியூப்பில் வந்தன. குருதிக் கலங்களை எண்ண நாம் நாள்தோறும் பாவிப்பது அதைத்தான், எனக்கும் அது கண்ணில் படவில்லை. பொற்றாசியம் அளந்தேன். பிளாஸ்மாவைத் தனியாக அளக்கச் சோம்பல், புத்தகத்திலுள்ள 4.5ஐப் போட்டுக் கணக்குச் செய்தேன். பல ஆடுகள் 45, 50 என்று நடுவில் வந்து நின்றன. எச்கேயும் இல்லை, எல்கேயும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்டில் புதிதாக ஒரு நடுத்தர வகை கண்டுபிடித்துவிட்டோம் என்று மருமகனுக்கு இரவு பத்தரைக்குத் தொலைபேசி எடுத்தேன்! அவனும் தூங்கவில்லையாம்.

மறுநாள் காலை ரியூப்பின் லேபிளை வாசித்தேன். ஊதா மூடிக்குள் இருப்பது பொற்றாசிய ஈடிரிஏ. உறையாமல் தடுக்கும் அந்த உப்பே லீற்றருக்கு 9 மில்லிமோல் அளவு பொற்றாசியத்தைக் குருதிக்குள் கொட்டுகிறது. ரியூப்பைப் பாதி மட்டும் நிரப்பினால் இரண்டு மடங்கு. முழுக் குருதியில் 8 இருக்க வேண்டிய எல்கே ஆடு 17 காட்டும். பிளாஸ்மாவை அதே ரியூப்பிலிருந்து அளந்திருந்தால், அங்கேயும் அந்த மேலதிகம் தெரிந்து கணக்கு ஓரளவுக்கு நேராகியிருக்கும். இரண்டு கவனக்குறைவு சேர்ந்து ஒரு "கண்டுபிடிப்பு".

ஆகவே பொற்றாசியத்துக்குப் பச்சை மூடி, அதாவது லிதியம் ஹெபரின் ரியூப். ஈமோகுளோபினுக்கும் குழியக் கனவளவுக்கும் ஊதா மூடி. ஓர் ஆட்டுக்கு இரண்டு ரியூப், இரண்டிலும் ஒரே எண். பேனையால் எழுதாதீர்கள், ஐஸ் ஈரத்தில் அழிந்துவிடும். பிளாஸ்டர் ஒட்டிப் பென்சிலால் எழுதுவதுதான் நிலைக்கும்.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரிகள் யாழ்தேவியில் கோட்டை நிலையத்துக்கு வந்தன. ஐஸ் கட்டி ரியூப்பில் நேராகப் பட்டால் உறைந்து குழியம் உடையும். பத்திரிகைத் தாளில் சுற்றி, பிறகு ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். குளிரில் பம்பி நின்றுவிடும், பொற்றாசியம் மெல்ல வெளியே கசியும். அதனால் குருதி எடுத்த அன்றே, ரெயில் ஏறுமுன், பச்சை ரியூப்பில் கொஞ்சத்தைச் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து வேறு ரியூப்பில் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சென்ரிபியூஜ் கிடைக்காமல் போகாது.

படி 5: ஈமோகுளோபின் பிரித்தல்

முதலில் குழியக் கனவளவு. செம்மறியின் செங்குழியம் நம்முடையதைவிட மிகச் சிறியது. நமக்கு ஏழரை மைக்குரோமீற்றர், அதற்கு நாலரை. அதனால் இறுகிப் படிய நேரம் எடுக்கும். மனிதக் குருதிக்கு 5 நிமிடம் சுற்றுகிறவர் இதற்கு 10 நிமிடம் சுற்றட்டும். 27 முதல் 45 வீதம் வரை சாதாரணம். அதற்குக் கீழே இருக்கிற ஆட்டின் எண்ணைச் சிவப்பில் வட்டம் போடுங்கள், காரணம் கீழே வரும்.

மிச்சக் குழியத்தை உப்புநீரில் மூன்று தடவை கழுவி, காய்ச்சிவடித்த நீர் ஊற்றி உடையுங்கள். கொஞ்சம் தொலுயீன் விட்டுக் குலுக்கிச் சுற்றினால் சவ்வுக் கழிவு மேலே போய், கீழே தெளிந்த சிவப்புத் திரவம் நிற்கும். அதைச் செலுலோஸ் அசற்றேற் தாளில் புள்ளி வைத்து, பிஎச் 8.4க்கும் 8.6க்கும் இடைப்பட்ட தாங்கற் கரைசலில் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். எங்கள் கருவியில் 350 வோல்ற், 25 நிமிடம். உங்கள் கருவியோடு வந்த குறிப்பைப் பாருங்கள். ஏ நேர் முனையை நோக்கி முன்னே ஓடும், பி பின்னே வரும். ஏபி ஆட்டில் இரண்டு கோடு. சாயம் போடாமலே சிவப்பாகத் தெரியும், ஆனால் பொன்சோ சாயம் போட்டால் படம் எடுக்க வசதி.

தெளிவாக இரண்டு கோடு காட்டும் ஓர் ஏபி மாதிரியைத் தனியே எடுத்துச் சிறு சிறு பங்காக உறையவையுங்கள். ஒவ்வொரு தாளிலும் அதை ஒரு கரையில் ஓட்டுங்கள். அது இல்லாமல் பிபி மட்டும் உள்ள தாளைப் பார்த்தால், ஒற்றைக் கோடு ஏயா பியா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

சிவப்பு வட்டம் போட்ட ஆடுகளை மட்டும் அவசரப்பட்டு முடிவெழுதாதீர்கள். குருதிச்சோகையில் ஏ குறைந்து சி வந்திருக்கலாம். வயிற்றுப்புழுவுக்கான பூச்சி மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் போனபிறகு திரும்ப எடுங்கள்.

படி 6: பொற்றாசியமும் எண்ணிக்கையும்

சுவாலை ஒளிமானியில் முழுக் குருதியையும் பிளாஸ்மாவையும் அளந்தபின் கணக்கு எளிது. குழியக் கனவளவு 0.30, முழுக் குருதி 8, பிளாஸ்மா 4.5 என்று வைப்போம். பிளாஸ்மாவின் பங்கு 4.5 பெருக்கல் 0.70, அதாவது 3.15. மிச்சம் 4.85. அதை 0.30ஆல் பிரித்தால் 16. எல்கே. முழுக் குருதி 28 என்றால் இதே கணக்கில் 83 வரும். எச்கே. நடுவில் ஏதாவது நின்றால் முதலில் ரியூப்பின் மூடியைப் பாருங்கள், பிறகு குருதிச்சோகையைப் பாருங்கள். குருதி இழந்த எல்கே ஆடு அவசரத்தில் வெளிவிடும் இளம் செங்குழியங்களில் பொற்றாசியம் கூடியிருக்கும்.

இனி எதிருருவின் மீடிறன், அதாவது மந்தையில் அது எவ்வளவு பங்கு என்பது. கையைப் பழக்க ஒரு கற்பனைக் கணக்கு: 50 ஆடுகள், ஏஏ 3, ஏபி 14, பிபி 33. ஒவ்வோர் ஆட்டிலும் இரண்டு எதிருரு, மொத்தம் 100. ஏ எத்தனை? 3 பெருக்கல் 2, கூட்டல் 14, ஆக 20. எனவே ஏ 0.20, பி 0.80. மந்தை ஒழுங்காகக் கலந்து இனம்பெருக்குகிறது, அதாவது சமநிலையில் இருக்கிறது என்றால் எதிர்பார்க்க வேண்டியது ஏஏ 2, ஏபி 16, பிபி 32. கண்டது 3, 14, 33. கண்டதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனை 0.78 தரும், சந்தேகப்பட வேண்டிய எல்லை 3.84. ஆகவே இந்த மந்தையில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஏபி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் காலநிலையைத் தேடி ஓடாதீர்கள். உறவுக்குள் சேர்ந்ததா, இரண்டு வெவ்வேறு பட்டிகளை ஒன்றாக எண்ணிவிட்டோமா என்று பாருங்கள்.

பொற்றாசியத்தில் எல்கே ஆட்சியானதால் எச்கேயிலிருந்துதான் பின்னோக்கி வர வேண்டும். 50இல் 8 எச்கே என்றால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4. எச்கே எதிருரு 0.4, எல்கே 0.6. இங்கே சமநிலைச் சோதனை செய்ய வழியில்லை. சமநிலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதானே வர்க்கமூலமே எடுத்தோம்.

படி 7: காலநிலையோடு சேர்த்துப் பார்த்தல்

பலர் வழுக்குகிற இடம் இது. எண் கையில் வந்ததும் கதை தானாக எழுதிக்கொள்ளும்.

1950களில் எவன்ஸும் கூட்டாளிகளும் பிரித்தானிய இனங்களை வரிசைப்படுத்தியபோது, மலைநாட்டு இனங்களில் ஈமோகுளோபின் ஏ மிகுந்தும் தாழ்நிலத்து இனங்களில் பி மிகுந்தும் இருந்தன. உடனே வரும் விளக்கம்: மலையில் ஒட்சிசன் குறைவு, ஏ ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கும், ஆகவே இயற்கைத் தேர்வு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரித்தானியாவின் மிக உயர்ந்த மலையே 1,345 மீற்றர்தான். நமது நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே வசந்தகாலத்தில் குதிரை பார்க்கப் போகும் கொழும்புக்காரர் யாரும் மூச்சுக்குத் திணறுவதில்லை. அதைவிடத் தாழ்ந்த மேட்டில் மேயும் ஆட்டுக்கு ஒட்சிசன் பஞ்சம் என்று சொல்வது எனக்குக் கடினம். குளிர், மேய்ச்சல், அந்த மலை இனங்களின் பூர்வீகம் என்று வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன.

வெப்ப நாடுகளுக்கு வாருங்கள். தென்னிந்தியா உட்படப் பல இடங்களின் இனங்களில் பிதான் மிகுதி. யாழ்ப்பாணத்துச் செம்மறியும் தென்னிந்திய மயிர் இனங்களின் சொந்தம். ஆகவே ஒரு யாழ்ப்பாணப் பட்டியில் பி மிகுந்திருந்தால் "வெயிலுக்கு ஏற்ற குருதி" என்று எழுதத் தோன்றும். பாட்டன் கிடாய் வள்ளத்தில் ஏறி வந்தபோதே பியோடு வந்திருக்கலாம் அல்லவா? பூர்வீகத்தையும் காலநிலையையும் பிரிக்காத எந்த ஒப்பீடும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது.

என் அபிப்பிராயத்தில், ஆட்டின் குருதியோடு நேராகப் பேசும் காலநிலை வெயில் அல்ல, புழு. ஹீமொங்கஸ் என்ற வயிற்றுப்புழு நாலாம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு குருதி குடிக்கும். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லிலீற்றர். கேட்கச் சின்ன அளவு. ஆயிரம் புழு என்றால் நாளுக்கு 50 மில்லிலீற்றர், ஒரு சிறு தேநீர்க் கிண்ணத்தில் பாதி. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000க்கும் மேலே முட்டை போடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்த முட்டை ஒரு வாரத்துக்குள் புல்லில் தொற்றக்கூடிய குடம்பியாகிவிடும். கொழும்பில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றரளவு மழை, வைகாசியிலும் ஐப்பசியிலும் உச்சம். இங்கே புல்லில் புழு ஓய்வதே இல்லை. யாழ்ப்பாணத்தில் அதில் பாதியளவுதான், அதுவும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் காய்ந்த தரையில் குடம்பி செத்துவிடும்.

இப்போது அந்த மாற்றுச் சட்டையை ஞாபகப்படுத்துங்கள். புழு குருதி குடிக்கிறது, ஏ ஆடு சி உண்டாக்குகிறது, பி ஆட்டால் முடியாது. எவன்ஸ் பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து 1963இல் கூட்டாளிகளோடு இதைத்தான் தொட்டார். 1978இல் ஸ்கொத்லாந்துப் பிளக்ஃபேஸ், ஃபின் டோர்செற் ஆடுகளில் அல்தாய்ஃபும் டார்கியும் செய்த வேலையிலும் ஏஏ ஆடுகள் இந்தப் புழுவை மேலாகத் தாங்கின. வேறு இனங்களில் வேறு ஆட்கள் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியாமலும் போனது.

இன்னுமொரு முடிச்சு. ஏதான் புழுவைத் தாங்குகிறது என்றால், புழு கொழுக்கும் வெப்பநாடுகளில் ஏ அல்லவா மிகுந்திருக்க வேண்டும்? தலைகீழாக இருக்கிறதே. மருமகன் இதைக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத இடத்தில்தான் நல்ல பரிசோதனை தொடங்க வேண்டும்.

கையில் காசு குறைந்தவர்கள் செய்யக்கூடிய பரிசோதனை இது. இரண்டு ஊர்களை ஒப்பிடாதீர்கள். ஒரே பட்டியை இரண்டு காலத்தில் ஒப்பிடுங்கள். புரட்டாதியில், மழைக்கு முன், ஒவ்வோர் ஆட்டுக்கும் குழியக் கனவளவு, சாணத்திலுள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கை, ஈமோகுளோபின் வகை. தையில், மழை ஓய்ந்தபின், அதே ஆடுகளில் திரும்பவும் முதல் இரண்டும். பிறகு ஏஏ, ஏபி, பிபி ஆடுகளில் குழியக் கனவளவு எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். பூர்வீகம், மேய்ச்சல், கொட்டில், சொந்தக்காரர் எல்லாம் ஒன்றுதான். மாறியது மழை மட்டும். இடையில் பூச்சி மருந்து கொடுத்தால் திகதியை எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆடு மோசமாகினால் பரிசோதனைக்காக மருந்தைப் பிடித்துவைக்காதீர்கள்.

வெயிலையும் பார்க்க வேண்டும் என்றால் பங்குனி, சித்திரையில், பிற்பகல் இரண்டு மணிக்கு, நிழலில் நிற்கும் ஆட்டில் பாருங்கள். விலாவின் ஏற்ற இறக்கத்தை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் மூச்சு வேகம். அமைதியான ஆட்டில் 20, 30. எண்பதைத் தாண்டினால் வெப்பத்தோடு மல்லுக்கட்டுகிறது. மலவாயில் வெப்பமானி வைத்தால் 39 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். இவற்றில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் மயிர், நிறம், உடற்பருமன் ஆகியவற்றிலிருந்துதான் வரும், குருதி வகைக்கு அங்கே பங்கு இருந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும். அதனால் அந்த மூன்றையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தல்

ஆட்டைக் குத்த விட்டவருக்கு முடிவைச் சொல்லாமல் போகக்கூடாது. எண், குழியக் கனவளவு, முட்டை எண்ணிக்கை, எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஏ, பியையும் எழுதுங்கள், ஆனால் "பிபி கிடாயை விற்றுவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லும் அளவுக்கு நமக்கு ஆதாரம் கிடையாது. அதைவிடக் கண் இமையின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். தென்னாபிரிக்காவில் செய்த ஃபமாச்சா என்ற வர்ண அட்டையில் சிவப்பிலிருந்து வெளிறல் வரை ஐந்து படி இருக்கும். வெளிறியதற்கு மட்டும் மருந்து.

நாங்கள் அந்த அட்டையோடு போனபோது பட்டிக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயது எழுபது இருக்கும். "தம்பி, இதுக்கு அட்டை வேணுமே? மாரி முடிய எந்த மறியின்ரை கண் வெளிறேல்லையோ, அதின்ரை கிடாய்க்குட்டியைத்தான் நான் விக்காமல் வைச்சிருக்கிறன்" என்றார். எவ்வளவு காலமாக என்று மருமகன் கேட்டான். தன் தகப்பன் காலத்திலிருந்து என்றார். மருமகன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, படி 3க்கான கேள்விப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தான்: கிடாயை எப்படித் தெரிவு செய்கிறீர்கள்?